எட்டு ஓம்

காக்ஸ் டவுன் மண்டபத்தில்
கேக் வெட்டுகிற நேரம்
என் கிட்டார் ஆம்பில்
தன் பேஸ் ஒயரையும் செருகினான் செல்வின்.
ஒரே ஒரு பாட்டுக்கு அக்கா என்றான்.
அதிலும் பாதிதான்.
ஸ்பீக்கர் முதலில் தும்மியது,
பிறகு அப்பளம் போல நொறுங்கியது,
பிறகு ஒன்றுமில்லை.
பாட்டு முடிந்ததென்று நினைத்து
மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும் கைதட்டினார்.

எஸ்.பி. ரோட்டில் மூன்றாவது கடை.
கூம்பின் இருபுறமும் விரல் வைத்து
மெல்ல அமுக்கினார் கடைக்காரர்.
உள்ளே மணல் அரைபட்டது.
மூக்கருகே கொண்டுபோய்
மீனைப் பார்ப்பது போல முகர்ந்தார்.
‘காயில் ஹோய்த்து மேடம், ஹொஸதே ஹாக்கி.’
புதியது நாலாயிரத்து இருநூறு.
பழையதைத் திரும்பக் கட்ட அறுநூற்றைம்பது:
காகிதக் கூம்பு, மஞ்சள் துணிவளையம்,
செம்புச்சுருள், குமிழ்மூடி, ஒரு டியூப் பசை.
எண்ணிக் கொடுத்தேன்.
வீணாகப் போகிற காசை வாங்குகிற முகத்தோடு
வாங்கிக்கொண்டார்.

வாட்ஸ்அப்பில் அழுகிற மஞ்சள் முகங்கள் மூன்று.
செல்வின்தான்.
மன்னிப்புக்கு எழுத்துகள் உண்டு என்று
அவனுக்கு யாராவது சொல்லவேண்டும்.
பார்த்தேன் என்பதற்கு நீலக் குறி போதும்.

மர்ஃபி டவுன், சாப்பாட்டு மேசை, ராத்திரி.
பிளேடால் வட்டமாக அறுத்துத் தூக்கினால்
கூம்பின் வாலில் கருகிய சுருள்,
தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன்.
இதையா நம்பி
இத்தனை கல்யாணம் வாசித்தேன்.
செலோ டேப்பை மடித்துக்
காந்தத்தின் இடுக்கில் விட்டுக்
கரித்தூளை ஒற்றி ஒற்றி எடுத்தேன்.
பக்கத்தில் வைத்த ஸ்பூன்
தானாக நகர்ந்துபோய் ஒட்டிக்கொண்டது.

புதுச்சுருள் நட்டநடுவில் நிற்கவேண்டும்.
எந்தப் பக்கமும் உரசக்கூடாது.
அதற்கு எக்ஸ்ரே பிலிம்தான் தோது.
பீரோவில் ஒன்று இருந்தது:
பிலோமினா அ., 41, இடது மணிக்கட்டு.
ஸ்கூட்டரிலிருந்து விழுந்த வருஷம்.
டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தேன்.
கூழாங்கல் மாதிரி எட்டு எலும்பு,
அதில் ஒன்றில் மட்டும் மெல்லிய கோடு.
கிட்டாரின் கழுத்தைப் பிடிக்கிற கை.
எலும்பில்லாத கறுப்பு ஓரமாகப் பார்த்து
மூன்று பட்டை வெட்டினேன்.
நாலாவதில் சுண்டுவிரல் நுனி வந்துவிட்டது.
சுருளுக்கும் நடுத்தண்டுக்கும் இடையே
நாலையும் சொருகி,
பசை தடவி,
விளிம்பின்மேல் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துவைத்தேன்.
‘எப்ப அடக்கம்?’ என்றார் அம்புரோஸ்.
காலை இட்லியை
இரண்டு பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

சாயங்காலம் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவினேன்.
சுருள் தானாக நின்றது.
வீட்டில் வேறு பாட்டரி இல்லை.
சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றினேன்.
ஏழு ஐம்பத்திரண்டு.
இரண்டு முனையிலும் ஒயரைத் தொட்டதும்
துப்.
அரிசிமணி அளவு வெளியே வந்து நின்றது கூம்பு.
வெளியே வந்தால் ஒயர் சரி.
உள்ளே போனால்
விழுங்குகிற பேச்சு, மாற்றிக் கட்டு.
ஒருமுறை போதும். ஐந்தாறு முறை தொட்டேன்.

முதுகில் எட்டு ஓம் என்று அச்சடித்திருக்கிறது.
மீட்டரில் ஆறரை.
அது அப்படித்தான்.
எழுதியதும் அளந்ததும் ஒன்றாகவே இருந்தால்தான்
மீட்டரைச் சந்தேகிக்கவேண்டும்.
குமிழ்மூடியை ஒட்டினேன்.
கட்டைவிரல் ரேகை பதிந்துவிட்டது,
கொஞ்சம் கோணலும்கூட.

சனிக்கிழமை செல்வின் வந்தான்.
கையில் பேஸ் இல்லை.
அய்யங்கார் பேக்கரி பொட்டலம், நாலு காரா பன்.
ஆம்பிலிருந்து தள்ளி,
கதவோரம் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.
தடித்த கம்பியை மட்டும் மீட்டினேன்.
அது அடங்கும்வரை இரண்டு பேரும் கேட்டோம்.
எங்கேயும் உரசவில்லை.
எதையோ சொல்ல வாயைத் திறந்தவன்
சுவரை நிமிர்ந்து பார்த்தான்.
‘சீக்கிரமே வந்துட்டேனா அக்கா?’

அந்தக் கடிகாரத்தை நம்பாதே என்றேன்.