பதினோரு மக்கு

மத்திகெரே, நாலாவது மாடி.
மார்ச் ஏழாம் தேதி காலையில்
குளியலறைக் கதவில் ஒரு காகிதம்:
ஒருவருக்கு ஒரு வாளி.
ஆறு மணியிலிருந்து ஏழரை வரை.
அடியில் வீட்டுக்கார அம்மாவின் கையெழுத்து.
அதற்கும் அடியில் யாரோ வரைந்த
அழுகிற குழாய்.

வாளி என்பது பெயின்ட் வந்த வாளி.
என் சிவப்பு மக்கில் மொண்டால்
பதினேழு.
துணிக்கு மூன்று, தட்டு டம்ளருக்கு இரண்டு,
பல் துலக்க ஒன்று.
மீதி பதினொன்றும் நான்.

நாலாம் செமஸ்டரில் எனக்கு நீரியல்.
குழாயில் பாயும் நீரின் வேகத்தைக்
கண்ணை மூடிக்கொண்டு கணக்கிடுவேன்.
பாய்ந்தால்.

தலைக்குக் குளிக்கிற நாளில்
மெரென்லாவிடம் இரண்டு மக்கு கடன்.
வட்டி உண்டு என்பாள்.
எவ்வளவு என்று சொன்னதில்லை.

டேங்கர் வராத நாட்களில்
கீழ்த்தொட்டியிலிருந்து நாமே தூக்க வேண்டும்.
எண்பத்து நாலு படி.
மூன்றாம் வாரம் ஜிம்முக்குப் பணம் கட்டுவதை நிறுத்தினேன்.
தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு
அம்மா வீடியோவில் கேட்டாள்:
அங்கே என்னடி படிக்கிற?

எவர்சில்வர் டம்ளர் பைக்குள் ஏறியதும் அப்போதுதான்.
பூமிக்காக இல்லை.
கங்கப்பா கடையில் பேப்பர் கப் என்றால்
டீ மூன்று மடக்கு.
என் டம்ளரில் அவருக்கு அளவு பிடிபடாமல்
நாலரை மடக்கு விழும்.
விஷயம் பரவி,
ஆறு பேர் ஆறு டம்ளரோடு வரிசையில் நின்றோம்.
அளவு பிடிபட்டுவிட்டது.
இப்போது எதில் வாங்கினாலும் மூன்றுதான்.
டம்ளர் மட்டும்
பையைவிட்டு இறங்க மறுக்கிறது.

குப்பை வண்டி மாதேவிக்கு என் வயதுதான் இருக்கும்.
ஒருநாள் எங்கள் பையைப் பிரித்துப் பார்த்தாள்.
பிரியாணி எலும்பு, ஷாம்பு புட்டி,
யாருடையது என்று யாரும் சொல்லாத ஒரு செருப்பு.
ஒன்றும் பேசவில்லை.
முடிச்சுப் போட்டு
கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போனாள்.
மூன்று நாள் தொங்கியது.
தெருவே மூக்கைப் பிடித்தது.
மக்கும் குப்பை, மக்காத குப்பை,
நடுவில் பொறியியல் படிக்கும்
நாலு மக்குகள்.

எல்லாம் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம்.
நேற்று இரவு ஒன்றரை மணிக்கு
நூடுல்ஸ் வரவழைத்தேன்.
கட்டிலடியில் இப்போது ஐந்து கறுப்பு டப்பா.
எறிய மனமில்லை, வைக்க இடமில்லை.
ஒன்றில் மண் நிரப்பி
மெரென்லா ஊர் மிளகாய் விதைத்திருக்கிறாள்.
வாய் கொப்பளிக்க எடுத்ததில்
மிச்சம் வைத்து அதற்கு ஊற்றுகிறாள்.
முளைக்கவில்லை.
காலையில் குனிந்து அதனிடம்
தன் மொழியில் ஏதோ சொல்கிறாள்.
திட்டாகத்தான் இருக்கும்.

ஜூனில் ஒரு ராத்திரி முழுக்க மழை.
அதற்கப்புறமும் ஒரு வாரம் விடாமல் மழை.
ஒருநாள் விடிந்தபோது
காகிதத்தைக் காணோம்.
கதவின் நாலு மூலையிலும்
செல்லோடேப் மட்டும்.

திருகினேன்.
இருமியது, துருவைத் துப்பியது,
பிறகு கொட்டியது.
வாளி நிரம்பி வழிந்ததை
ஒரு நிமிடம் நின்று பார்த்தேன்,
பணக்காரியைப் போல.

குளித்தேன். பாட்டு கூடப் பாடினேன்.
எட்டு.
ஒன்பது. பத்து.
பதினொன்று.

கை நின்றுவிட்டது.
உடம்பில் சோப்பு இல்லை.
தலையில் நுரை இல்லை.
யாரும் கதவைத் தட்டவில்லை.
வாளியில் மீதித் தண்ணீர்
மேலே எரியும் பல்பை
மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தது.
இன்னொரு முறை மொள்ளப் போனேன்.
எதற்கு என்று தெரியவில்லை.

துண்டைச் சுற்றிக்கொண்டு
வாளியோடு வெளியே வந்தேன்.
டப்பாவின் முன் குந்தியிருந்தவள்
நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆறு இருக்கு," என்றேன்.
"ரெண்டு அசல்.
நாலு வட்டி."