ஏழு சய அடைப்புக்குறிக்குள்

வகுப்பைப் புரட்டிப் போடுங்கள் என்றார்கள்
ஆராவில் நடந்த இரண்டு நாள் பயிற்சியில்.
பாடம் வீட்டில், பயிற்சி வகுப்பில்.
பூசணிச் சூப்பைக் குடித்தபடி
தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஒல்டனில் நவம்பர் என்றால்
ஆரே ஆற்றிலிருந்து ஏறும் மூட்டம்
எந்த மாடியையும் விடாது.
மகள் தூங்கியபின்
இரண்டு பாஸ்தா டப்பாக்களுக்கு நடுவே
அடிமட்டங்களைப் பாலம்போல் வைத்து
அதன்மேல் போனைக் கவிழ்த்தேன்.
கீழே தாள், என் கை, ஒரு நீலப் பேனா.

பத்து மணிக்குமேல் ஓசை எழுந்தால்
கீழ்வீட்டு வீஸ் அம்மையார்
படிக்கட்டில் கடிதம் ஒட்டிவிடுவார்.
ஆகவே
அட்சரகணிதத்தை
அடுத்தவர் வீட்டு வம்புபோல்
கிசுகிசுத்தேன்:

ஏழு சய அடைப்புக்குறிக்குள் எக்ஸ் சய மூன்று.

வாய் சொன்னது மினுஸ்.
உள்ளே ஓடுவது இன்றைக்கும் சயதான்.

ஆறு நிமிடம் பத்து விநாடி.
அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை, முதலாம் பாடம்.
பார்த்தீர்களா என்றேன்.
இருபத்திரண்டு தலைகளும் ஆடின.
ஆடுகிற தலையை நான் நம்புவதில்லை,
ஆராவில் நானும் ஆட்டியவள்தானே.

கொப்பிகளைத் திறக்கச் சொல்லி
வரிசை வரிசையாக நடந்தேன்.
நாலு சய எக்ஸ்.
நாலு சய எக்ஸ்.
ஜன்னலோரம், ஹீட்டரோரம், கடைசி வாங்கில்,
அழகான கையெழுத்திலும் கோழிக் கிறுக்கலிலும்
நாலு சய எக்ஸ்.
தெக்லேயின் கொப்பியில் மட்டும்
பத்து சய எக்ஸ்.

நீதான் வீடியோவைக் கவனமாய்ப் பார்த்திருக்கிறாய் என்றேன்.

இல்லை, பார்க்கவே இல்லை என்றான்.
போன் அம்மாவோடு
இரவு வேலைக்குப் போய்விட்டதாம்.

நோயெமி கையை உயர்த்தவில்லை, எழுந்தே நின்றாள்:
நீங்கள்தானே அப்படிச் சொன்னீர்கள், நாலாவது நிமிடத்தில்.

போட்டுக் காட்டினார்கள்.
சுவர் முழுக்க என் கை, என் மோதிரம்.
பின்னால் குளிர்சாதனப் பெட்டியின் முனகல்.
கிசுகிசுவென்று, எவ்வளவு உறுதியாக,
நாலு சய எக்ஸ்.
அடியில் இரண்டு கோடுகள் வேறு.

வகுப்பைப் புரட்டியவள்
குறியைப் புரட்ட மறந்திருக்கிறாள்.

காதுமடல் சுட்டது.
அதே நேரம் வயிற்றுக்குள் எங்கோ
ஒரு அசட்டுச் சந்தோஷம்:
இருபத்தொரு பேரும் பார்த்திருக்கிறார்கள்.
நாலாவது நிமிடம் வரைக்குமாவது.

தெக்லே கரும்பலகைக்குப் போனான்.
என்னிடம் ஏழு பிராங்க்.
ஸ்டேஷன் கடையில் சான்ட்விச் ஐந்து.
ஆறு மணிக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், மூன்று குறைப்பு.
இரண்டைக் கொடுத்தால் மிச்சம் ஐந்து.
பத்தில் ஐந்து போனாலும் ஐந்து.
உங்கள் கணக்குப்படி நான் சாப்பிட்டும் முடித்து
கடைக்காரருக்கு ஒரு பிராங்க் கடனும் வைக்கவேண்டும்.

அதெப்படி, ஏழு இருந்த இடத்தில் பத்து
எங்கிருந்து வந்தது என்றான் லோரின்.
ஸ்டிக்கரிலிருந்து என்றாள் ஒருத்தி.
ஸ்டிக்கர் காசில்லை என்றான் இன்னொருவன்.
மூன்று பேர் கரும்பலகையில், இரண்டு பேர் தரையில்,
அபிஷன் தன் உண்மையான பணப்பையைக் கொட்டி
எண்ணிக்கொண்டிருந்தான்.
நான் தெக்லேயின் கதிரையில் உட்கார்ந்தேன்.
எனக்குக் கொஞ்சம் சின்னது.

ஸ்டேஷனில் பன்னிரண்டாம் நடைமேடையில்
பூச்சியம் என்று செதுக்கிய கல்லொன்று இருக்கிறது.
தண்டவாளங்களை அங்கிருந்துதான் ஒரு காலம் அளந்தார்கள்.
அன்று மாலை ரயிலுக்கு நின்றபோது
அதன் இரு பக்கமும் மூட்டம்.
எது சக, எது சய என்று தெரியவில்லை.

நாலாவது நிமிடத்தை அழிக்கவில்லை.

அடுத்த வியாழன் புது வீடியோ.
மூன்று தடவை சரிபார்த்துத்தான் அனுப்பினேன்.
தெக்லேக்குப் பள்ளி மடிகணினி, மத்தியான இடைவேளையில்.
வெள்ளி காலை கதவைத் திறக்குமுன்பே
ஏழு பேர் ஏழு பிழைகளோடு நின்றார்கள்.
ஆறு பிழையே இல்லை.
ஏழாவதைக் கேட்டுவிட்டு
போனை மறுபடி வெளியே எடுத்தேன்.