மணியின் நாக்கு

செப்டம்பர் இரண்டாம் வெள்ளி.
மூடுபனி இன்னும் விரிகுடாவை விட்டு எழுந்திருக்கவில்லை.
படகுத்துறையில் சீட்டுக் கிழித்த கையோடு
மீனவர் சங்கக் கூடத்துக்கு வந்துவிடுவேன்.
நாற்காலி விரிப்பது நான்,
கழுத்து அட்டைகளில் பெயர் எழுதுவது நான்,
ஞாயிறு மாலை மேடையில் எவராவது மூன்று நிமிடம் தாண்டினால்
பித்தளை மணியை அடிப்பதும் நான்தான்.
பனியில் திசை தப்பிய படகுகளுக்காக
ஒரு காலத்தில் அடித்த மணி அது.

எழுத்தாளர் விழா என்கிறார்கள்.
நியூஃபவுண்ட்லாந்தின் இந்த மூலைக்கு
டொராண்டோவிலிருந்தெல்லாம் வருகிறார்கள்,
பொருந்தாத காலணிகளோடு.
கீழே சிறுகதைப் பட்டறை.
மேலே, வலை பழுதுபார்க்கும் அறையில், கவிதை.
மாஸ்டர் கிளாஸுக்கு மட்டும் எட்டே பேர்,
ஆளுக்கு இருபது பக்கம் முன்கூட்டியே அனுப்ப வேண்டும்.

ஃபிலமினா பாரட் ஏழு வருடமாக அனுப்புகிறாள்.
மீன் ஆலையில் தரம் பார்ப்பவள்.
வெளிச்ச மேசைமேல் சதைத் துண்டை விரித்து
இடுக்கியால் புழு எடுப்பவள்.

முதல் வருடம் அவள் கொண்டுவந்தது நானூறு பக்கம்,
ஷூ பெட்டியில், ரப்பர் வளையம் போட்டு.
"முதல் அத்தியாயம் வேண்டாமே" என்றார் அந்த வருட ஆசிரியர்.
வெட்டினாள்.
அடுத்து வந்த அம்மாள்: "வானிலை அதிகம்."
இங்கே வேறென்ன இருக்கிறதாம் என்று
நான்தான் முணுமுணுத்தேன். அவள் வெட்டினாள்.
ஒருவருக்கு உரையாடல் பிடிக்கவில்லை,
ஒருவருக்கு அப்பா.
ஒருவர் படிக்கவேயில்லை, ஆனாலும்
ஓரத்தில் அழகாக ஒரு கோடு இழுத்திருந்தார்,
அதற்கும் மரியாதை கொடுத்து வெட்டினாள்.
நாய் மட்டும் ஐந்தாம் வருடம்வரை தாக்குப்பிடித்தது.

இந்த முறை பெட்டி இல்லை.
தேநீர் வரிசையில் கேட்டேன்: "எவ்வளவு மிச்சம்?"
கேக்கை விழுங்கிவிட்டு "ஒரு வரி" என்றாள்.
சிரித்தேன். அவளும்தான் சிரித்தாள்.

ஹீட்டரைச் சரிசெய்யப் போனபோது காதில் விழுந்தது.
ஆசிரியர் தாளைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று.
பிறகு கேட்டார்,
"இதை யாரிடம் சொல்ல வேண்டும் உங்களுக்கு?"

ஞாயிறு. கூடம் நிறைய ஈரக் கம்பளி வாசம்.
பல் மருத்துவர் ஒருவர் திமிங்கிலத்தைப் பற்றி வாசித்தார்: மணி.
விவாகரத்துக் கவிதை: மணி.
நூலகக்காரரின் துப்பறியும் கதை,
கொலையே நடக்கவில்லை, அதற்குள்: மணி.
பதினோராவதாக ஃபிலமினா.
ஒலிவாங்கியைத் தாழ்த்தினாள். தாள் எடுக்கவில்லை.

"அன்றிரவு கதவை உள்ளே தாழிட்டது நான்தான்."

அவ்வளவுதான்.
வெளியூர்க்காரர்கள் அடுத்த வரிக்குக் காத்திருந்தார்கள்.
எங்களுக்கு அடுத்த வரி தெரியும்.
தொண்ணூற்று மூன்று, பிப்ரவரி.
படியில் ஒற்றைக் கையுறை.
அவள் தம்பி லியாண்டர்
குடித்துவிட்டு வழியிலேயே விழுந்தான்,
வீடுவரை வந்து சேரவில்லை என்றுதான்
ஊரே இதுவரை சொல்லிவந்தது.

இரண்டு நிமிடம் ஐம்பது நொடி பாக்கி.
அதுவும் தன் கணக்கு என்பதுபோல் நின்றாள்.
மூன்றாம் வரிசையில் லியாண்டரின் மனைவி
கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள்,
மறுபடி போட்டுக்கொண்டு
அவளையே பார்த்தாள்.
சமையலறையில் கொதிகலன் உறுமி அடங்கியது.

முள் மூன்றைத் தொட்டது. தாண்டியது.
நாலு.
நான் மணியின் நாக்கை
இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தேன்.