வெந்நீர் பாட்டில் யாருக்கு

காலையில் முதல் வேலை
எங்கள் மூச்சைச் சுரண்டுவது.
இரவெல்லாம் இரண்டு பேர் விட்டது
கண்ணாடியின் உள்பக்கம் உறைந்து கிடக்கும்.
சூப்பர்மார்க்கெட் தள்ளுபடி அட்டையால் சுரண்டினால்
ஒரு கிண்ணம் தேறும்.
காப்பிக்கு ஆகும் என்றான் லைனஸ்
முதல் நாள், சிரித்துக்கொண்டே.
மூன்றாம் நாள் சிரிக்காமல் சொன்னான்.

நெவாடா. பெயர்ப்பலகை இல்லாத மண்பாதையில்
பதினாறு மைல் உள்ளே.
வேலி இல்லை, விளக்கு இல்லை,
வாடகை கேட்டுக் கதவு தட்ட ஆள் இல்லை.
அதற்காகத்தானே வந்தோம்.
சாம்பல் நிறப் புதர்கள், அவற்றின்மேல் பனி,
அப்பால் வற்றிப்போன ஏரி.
வண்டி முன்பு ஒரு பூக்கடையுடையது.
பெயிண்டுக்கு அடியிலிருந்து இன்னும் எட்டிப் பார்க்கிறது:
திருமணம், இறுதிச் சடங்கு, எல்லாவற்றுக்கும்.

இரவு இரண்டு மணிக்கு ஹீட்டர்
மூன்று தரம் இருமி நின்றது.
சின்னத் திரையில் ஓர் எண் மினுக்கியது.
கையேட்டில் அந்த எண்ணுக்கு நேரே
‘விற்பனையாளரை அணுகவும்.’

அரிசோனா வெயிலில் நிரப்பிய டீசல்
இந்தக் குளிரில் மெழுகாகிவிட்டிருந்தது.
இன்ஜினும் கனைக்கவில்லை.
விடிந்ததும் கூரைத் தகட்டில் வெயில் கொட்டியது.
பேட்டரி வாங்க மறுத்தது,
காய்ச்சல்காரக் குழந்தை கஞ்சிக்கு வாயை மூடிக்கொள்வதுபோல.
உறைநிலைக்குக் கீழே அது அப்படித்தான்,
முதலில் உடம்பு சூடாக வேண்டும்.

கேஸ் ஒரு லிட்டர் கொதிக்கும் அளவுக்கு இருந்தது.
ரப்பர் பாட்டில் ஒன்று.
என் கால்விரல்கள், அவன் முதுகு, பேட்டரி.
யாரும் வாக்களிக்கவில்லை.
அவன் பாட்டிலைப் பேட்டரியோடு அணைத்து வைத்து
என் கம்பளித் தொப்பியைக் கழற்றி
அதன் தலையில் மாட்டினான்,
காதுவரை இழுத்துவிட்டு.
மூன்று வருஷத்தில் எனக்கு இப்படி ஒருநாளும்
போர்த்திவிட்டதில்லை.
சொல்லவில்லை. பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

ஒன்பது மணிக்கு ஒரு குதிரை, இரண்டு நாய்கள்,
மேலே எலெயுத்தேரியோ போமா.
இரண்டு இரவாக உங்கள் வண்டி இருமுவது கேட்டது,
இன்று கேட்கவில்லை, வந்தேன் என்றார்.
பெரு நாட்டுக்காரர். ஆயிரத்து எண்ணூறு ஆடுகள்.
மேட்டுக்குப் பின்னால் அவருடைய வண்டி,
தகர அடுப்பும் கட்டிலும் வைத்தது.
மே மாதம் வரைக்கும் அதுதான் வீடு.

லைனஸின் ஸ்பானிஷ் உணவகச் சமையலறையில் கற்றது.
திட்டுவதற்கும் வெங்காயத்துக்கும் போதும்.
எந்த முதலாளி அனுப்பினார், அவர் கேட்டார்.
யாருமில்லை.
சம்பளம்?
இல்லை.
எங்கள் காலணிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
அப்படியானால் தண்டனையா?

போய், இரும்புச் சட்டி நிறைய தணலோடு திரும்பினார்.
அதை டீசல் டாங்கிக்கு அடியில் தள்ளினார்.
லைனஸ் கத்திய கத்தலில்
நாய்கள்கூட அவனைப் பாவமாகப் பார்த்தன.
எங்கள் ஊரில் லாரிகள் இப்படித்தான் கண் விழிக்கும் என்று
பனியில் குந்தி உட்கார்ந்து
ஆட்டுக்கறித் துண்டொன்றை அந்தத் தணலிலேயே வாட்டினார்.
நான் தின்றேன்.
லைனஸ் நூறடி தள்ளி நின்று தின்றான்.

பதினொன்று பத்துக்கு இன்ஜின் பிடித்தது.
கொஞ்ச நேரத்தில் பேட்டரியில் ஒரு பச்சைப் புள்ளி.
கொடுக்க எங்களிடம் இருந்தது
பாதி டப்பா காப்பித்தூள், ஒரு தலைவிளக்கு.
தலைவிளக்கை எடுத்துக்கொண்டார்.

அடுத்து எங்கே?
தெரியாது என்றேன்.
நாய்கள் எழுந்து நிற்கும்படி சிரித்தார்.
பிறகு கதவின் பழைய எழுத்துகளில் விரல் வைத்து
கூட்டிக் கூட்டிப் படிக்கப் பார்த்தார்.
அதற்குள் லைனஸ் கியரைப் போட்டுவிட்டான்.

தார்ச்சாலை வந்தது, பெட்ரோல் பங்க் வந்தது,
குளிர்கால டீசல் என்று ஒரு பலகையும் வந்தது.
தொப்பி இன்னும் பேட்டரியின் தலையில்.
கேட்கலாம் என்று இருந்தேன்.
பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டு
காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.