எத்தனை கிலோ

நேர்முகத்தில் அவர் கேட்ட முதற் கேள்வி
நாடித்துடிப்பைப் பற்றியதல்ல.
"எத்தனை கிலோ தூக்குவீர்?"

மேசையில் கிடந்தது என் சான்றிதழ்.
உதவித் தாதி, என்.வி.கியூ. நான்காம் நிலை.
அக்கரைப்பற்றுச் சந்தியில் லெமினேற் பண்ணியபோது
ஒரு காற்றுக்குமிழி அகப்பட்டுவிட்டது,
சரியாக என் பேருக்கு மேலே.
சேலைன் குழாயில் அப்படியொன்று கண்டால்
சுண்டி வெளியேற்றப் படித்திருக்கிறோம்.
இதையும் சுண்டிப் பார்த்தேன்.
போகவில்லை.

வகுப்பில் நாங்கள் தூக்கியது ஒரு பிளாஸ்ரிக் மனிதனை.
சின்னராசா என்று பேர் வைத்திருந்தோம்.
பன்னிரண்டு கிலோ.
புரட்டினால் முனகமாட்டான்,
துடைக்கையில் வெட்கப்படமாட்டான்,
ஈரமாக்கிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் கிறுக்கமாட்டான்.
அவனில்தான் எல்லோரும் சித்தியடைந்தோம்.

மறுகா ஆளுக்கொரு திசை.
றிஸ்னா கல்முனையில் பல் டொக்டரிடம்,
எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி.
மஃரிபுக்குள் வீட்டுக்கு வரலாமென்றால் மட்டும் போ
என்று சொன்னார்களாம்.
வகுப்பின் ஒரே ஆண்பிள்ளை ஜெகரூபனை
ஒரே கிழமையில் மூன்று இடத்தில் கேட்டார்கள்;
எங்களிடம் குறிப்பெழுதக் கொப்பி இரவல் வாங்கியவன்.
கேதாரணி இஸ்ரவேலுக்குப் போகக் காத்திருக்கிறாள்.
கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டே
"எங்கே நோகுது?" என்பதை
ஹீப்ருவில் நாற்பது தரம் சொல்லிப் பார்க்கிறாள்.
கோழிகளுக்கு இப்போது விளங்குமாம்.
வெள்ளவத்தையில் வீட்டோடு தங்கும் வேலை பிரதீபனிக்கு.
படுக்கையில் கிடக்கும் அம்மாவின் அறையில் கமரா.
"நான் தலையைச் சொறிஞ்சாலும்
ரொறொன்ரோவில் தெரியுதடி" என்கிறாள்.
சுபேனாவுக்கு அனுப்பிய செய்தியில்
இன்னமும் ஒரேயொரு கீறு.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்பென்றால்
விஞ்ஞானம் படித்திருக்க வேண்டும்.
நான் படித்தது இந்து நாகரிகமும் புவியியலும்.
பருவக்காற்று எங்கிருந்து வருமென்று சொல்வேன்,
யாரும் கேட்டால்.

ஆக, இந்தத் தனியார் மருத்துவமனை.
முப்பத்திரண்டாயிரம்.
திருக்கோவிலிலிருந்து பஸ்ஸுக்கே அதில் ஒரு பங்கு போய்விடும்.
அவர் பேனையைத் திறந்து வைத்திருந்தார்.
"தனியே ஒருத்தரையும் தூக்கக் கூடாது, சேர்.
ரெண்டு பேர் வேணும்.
அப்பிடித்தான் படிப்பிச்சாங்க."
"இரவில ரெண்டு பேர் இருக்க மாட்டாங்க" என்றார்.
பேனையை மூடினார்.
திங்கட்கிழமை வரச் சொன்னார்.

ஆறாம் நாள், அதிகாலை மூன்று மணி.
நிந்தவூர் ஆள், மீன் வாடி முதலாளி,
கட்டிலில் கீழே கீழே சரிந்து
கால்கள் கம்பியில் முட்டிக்கொண்டு கிடந்தார்.
எண்பத்தாறு கிலோ. அட்டையில் எழுதியிருந்தது.
நான் நாற்பத்தேழு. அது எங்கேயும் எழுதப்படவில்லை.

கீழே இறங்கி
கேற்றில் தூங்கிய வாச்சரை எழுப்பினேன்.
கையைக் கழுவுங்க என்றேன்.
விரிப்பைச் சுருட்டிப் பிடிக்கக் காட்டினேன்,
முழங்காலை மடிக்க, முதுகை நிமிர்த்த.
"மூண்டு சொன்னாப் பிறகு, அண்ணன். ரெண்டில இல்ல."
ஒண்டு.
ரெண்டு.
அவர் கண்ணைத் திறந்து
"பாரமா இரிக்கா மகள்?" என்றார்.
"இல்லை" என்றேன். பொய்.
மூண்டு.

தலையணையில் தலை வந்து சேர்ந்ததும்
வாச்சர் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார்,
அவை வேறு யாருடையவோ போல.
காலையில் மேலாளர் கேட்டார்,
கேற்றில் ஏன் ஆளில்லை என்று.

இன்றைக்குக் கேதாரணி
முகவரின் படிவத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள்.
அங்கே தூக்க மெசின் இருக்காம், நீயும் நிரப்பு என்கிறாள்.
ஏழாவது கட்டம்:
தூக்கக்கூடிய நிறை.
பஸ் குலுங்குகிறது, எழுத்து கோணுகிறது.
இரண்டு பேரென்றால், எவரையும்,
என்று எழுதினேன்.
கட்டத்துக்குள் அடங்கவில்லை.