முப்பத்தோராம் பக்கம்

ஆனியில் காகிதம் எடை கூடும்.
குழித்துறை அச்சகத்திலிருந்து
பஸ்ஸின் தலையில் ஏறி வந்த பதினோரு கட்டுப் பாரம்,
தைக்காதது, ஓரம் அறுக்காதது,
மார்த்தாண்டம் சந்தைக்குப் பின்னால் என் கடைச்சுவரில்
ஈரம் குடித்துச் சாய்ந்து நிற்கிறது.
ஐந்நூறையும் சேர்த்துத் தைக்கப் பணமில்லை.
இருபத்தைந்து விற்றால்
அடுத்த இருபத்தைந்தை பீர்கண்ணு சைக்கிளில் கொண்டுபோவான்.
பசை காய மூன்று வெயில் கேட்பான்.
இந்த மாசத்தில் மூன்று வெயிலுக்கு நான் எங்கே போக?

தலைப்புப் பக்கத்தை மட்டும் நூறு கூடுதலாக அடித்து
ரேஷன் கடைத் தூணிலும்
களியக்காவிளை செக்போஸ்ட் மதிலிலும் ஒட்டினேன்:
தேனீ வளர்ப்போர் கைத்துணை,
எழுதியவர் மு. ஞானாபரணம், விலை ரூபாய் இரண்டேகால்.
பார்த்து வந்தவர்கள் கேட்டது
பஞ்சாங்கம், ஞானப்பாட்டு, பத்தாம் வகுப்பு நோட்ஸ்,
பிறகு இருமல் டானிக்.
டானிக்தான் இந்தக் கடைக்கு வாடகை கொடுக்கிறது.
வெளியே சொல்வதில்லை.

முப்பத்தோராம் பக்கத்தில்
'ராணியைக் கொல்' என்று வரி முடிந்துவிட்டது.
அடுத்த வரிக்கு வரவேண்டிய 'லாதே'
அச்சுக் கோக்கிறவன் விரலிடுக்கில் எங்கோ விழுந்துபோனது.
ஞானாபரணம் சண்டை போடவில்லை.
மாசத்தின் முதல் சனிக்கிழமை வந்து
ஸ்டூலை இழுத்துப் போட்டு
தைத்து வந்த ஒவ்வொரு பிரதியிலும்
நீல மையால் எழுதுவார்: லாதே.
லாதே. லாதே.
இருபத்தைந்து உயிர்.
காசு எவ்வளவு வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன வாரம் அருமனைக்காரர் ஒருவர்
சாலை பஜாரில் வாங்கியதென்று ஒன்றைக் காட்டினார்.
நம்ம புத்தகம்தான். விலை ஒரு ரூபாய்.
என் பெயர் இருந்த இடத்தில் ஒரு தாமரைப் பூ.
கை நடுங்கப் புரட்டினேன்.
முப்பத்தோராம் பக்கத்தில், அச்சிலேயே,
கொல்லாதே.
அவர் திருத்திய பிரதி ஒன்றைப் பார்த்து அடித்திருக்கிறான் திருடன்.
தாளும் நல்ல தாள்.
வக்கீலைப் பார்க்க ஆகிற பஸ் கூலியை எண்ணிவிட்டு
பத்துப் பிரதிக்கு ஆள் அனுப்பினேன்.

சனிக்கிழமை வந்தார். எடுத்துக் கொடுத்தேன்.
நேரே அந்தப் பக்கத்துக்குப் போனார்,
இரண்டு தடவை வாசித்தார்,
பேனாவை மூடிப் பையில் குத்தினார்.
"அப்பம் எனக்கு இங்க ஜோலி ஒண்ணும் இல்லியே."

தேன் பாட்டில் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு
மழையில் இறங்கிப் போனார்.
வரவா, பற்றா,
பேரேட்டில் எந்தப் பக்கம் எழுத என்று தெரியவில்லை.
பின்சுவரில்
முந்நூற்று எழுபத்தைந்து 'கொல்'
இன்னும் தைக்காமல் கிடக்கிறது.