யோசிக்கும் நேரம்

கௌனஸில் பனி கொட்டுகிறது. இரவு இரண்டு மணி.
ஸ்கைஸ்தே பத்தாயிரம் பேரைப் படைத்து
ஓய்வூதியத் தளத்தின் வாசலில் அவிழ்த்துவிடுகிறாள்.
முகமில்லாத கூட்டம். முண்டியடிக்கிறது.
ஆறாயிரத்து நாற்பதில் சர்வருக்கு மூச்சுத் திணறல்.

அது எதிர்பார்த்ததுதான்.

ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் நடுவே
மனிதர் தயங்குவது மூன்று விநாடி
என்றுதான் நிரலில் எழுதியிருந்தாள்.
சரிபார்க்கப் பழைய பதிவுகளைப் புரட்டினால்,
போன செவ்வாய், யாரோ ஒருவர்,
‘துணைவர் உயிருடன் இருக்கிறாரா?’ என்ற கட்டத்தில்
பதினோரு நிமிடம்.
பிறகு ‘இல்லை’.

பத்தாவது நிமிடமே
தளம் அவரை வெளியே தள்ளியிருந்தது.
மறுபடி பெயரிலிருந்து தொடங்கியிருக்கிறார்,
மறுபடி அந்தக் கேள்வி வரைக்கும்.

ஸ்கைஸ்தே மூன்றை அழிக்கிறாள்.
காலி இடத்தில் கர்சர்
மினுக்கிக்கொண்டே இருக்கிறது.